தலைப்பாகைக்காரர்கள்

எங்கள் பேட்டைக் காபிக் கடையில் இந்த வாரம் ஒரு புது அட்டை தொங்குகிறது: 'ஒரு காபிக்கு முக்கால் மணி நேரம் மட்டும்.' காபியை ஆறவிட்டுக் குடிக்கவே எனக்கு அரை மணி ஆகும் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கல்லாவில் இருந்த பையனிடம் கேட்டேன். "மேலிடத்து ரூல், சார்" என்றான், போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

அந்த வயிற்றெரிச்சலில்தான் கல்கத்தா காலேஜ் தெரு காபி ஹவுஸ் நினைவுக்கு வந்தது. ஆல்பர்ட் ஹால் என்ற பழைய மண்டபத்தில் 1942-இல் காபி போர்டு திறந்த கடை. எதிரே பிரசிடென்சி கல்லூரி, சுற்றிலும் புத்தகக் கடைகள். 'இன்ஃப்யூஷன்' என்ற பாலில்லாக் காபி ஒன்றைச் சொல்லிவிட்டுக் கவிஞர்களும் சினிமாக்காரர்களும் நாள் முழுக்க வாதம் செய்த இடம். சத்யஜித் ராயும் அங்கே வந்தவர்தான்.

அதைப் பற்றி மன்னா டே 1983-இல் பாடிய பாட்டைக் கேட்டு உருகாத வங்காளி கிடையாது. எனக்கோ அந்தப் பாட்டின் மேல் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. அங்கே கூடிய நண்பர்கள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறது. விசிறித் தலைப்பாகை கட்டி அவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்தவர் என்ன ஆனார்?

அவர்தான் ஐயா கடையைக் காப்பாற்றினார். ஐம்பதுகளில் காபி போர்டு தன் கடைகளை இழுத்து மூடியபோது வேலை போய் நின்றவர்கள் ஊழியர்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களைத் திரட்டி, நீங்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்துங்கள் என்றார். 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம். அதே ஆண்டு தில்லியில் கடை. 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில். கல்கத்தாக் கடையும் 1958-இல் மூடி, அந்த வருடமே திறந்தது. அதைத் திறக்கச் சொல்லிப் பேராசிரியர்கள் மனுக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கல்கத்தா நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.

காபி போர்டு ஊழியராக இருந்து, திருச்சூர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான நடக்கல் பரமேஸ்வரன் பிள்ளை மலையாளத்தில் 'காப்பி ஹவுஸின்றெ கத' என்று புத்தகமே எழுதினார். காபி ஹவுஸில் உட்கார்ந்தவர்கள் எழுதிய நினைவுகள் அலமாரி நிறையக் கிடக்கின்றன. பரிமாறிய தரப்பிலிருந்து வந்தது என்பதால் இந்த ஒன்றின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

முதலாளி இல்லாத கடை எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் கேரளத்தில் இந்தச் சங்கங்களின் எந்தக் காபி ஹவுஸிலாவது நுழைந்து பார்க்கலாம். அதே வெள்ளை உடுப்பு, அதே தலைப்பாகை, அளவான பில். மசால் தோசைக்குள் பீட்ரூட்டை வைத்துச் சிவப்பாக்குவதை மட்டும் எந்தச் சங்கம் தீர்மானம் போட்டுச் செய்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.