பழைய கணினியும் மாதாந்தரக் கணக்கும்

எறணாகுளம் பிராட்வேயிலும் காயலுக்கு அப்பாலுள்ள மட்டாஞ்சேரி பஜாரிலும் வணிகம் செய்யும் வாடிக்கையாளர்கள் பலரின் கல்லாப்பெட்டிக்கு அருகே ஒரு பழைய கணினி இருக்கிறது. விற்பனைச் சீட்டு, கடன் பேரேடு, சரக்கிருப்பு மூன்றும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன. திடீரென நீலத்திரை காட்டி அது நின்றுவிடுவதும், அணைத்துப் போட்டால் மீண்டும் எழுந்துகொள்வதும் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டன. கடைக்காரர் இதனைப் பெரிதாகக் கருதுவதில்லை. நாம் கருதுகிறோம், ஏனெனில் அந்த முடக்கம் வேறொரு பெயரில் நமது மேசைக்கு வந்து சேர்கிறது.

ரொக்கக் கடன் பெற்றவர் சரக்கிருப்பு அறிக்கையை உரிய காலத்தில் வங்கிக்குத் தரவேண்டும். எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பது அந்த அறிக்கையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட பழைய அறிக்கையை வைத்துக் கணக்கிட்ட நிலுவை ஒழுங்கற்றதாகக் கருதப்படும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்நிலை 90 நாட்கள் நீடித்தால், வியாபாரம் செழிப்பாக நடந்துகொண்டிருந்தாலும், கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குச் சென்றுவிடும். விதிக்குக் கணினியின் உடல்நிலை தெரியாது. மாதந்தோறும் 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. விவரம் தாக்கல் செய்வோருக்கும் இதே இடர்தான். 19-ஆம் தேதி மாலை இயந்திரம் நின்றுபோனால் மறுநாளைக்கு மறுநாள் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கும்.

இவ்வணிகர்களைக் கஞ்சர்கள் என்று சொல்வது எளிது, அது நியாயமாகாது. பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிக் கொடுத்த பில் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடுகிறது. எழுதிக் கொடுத்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். இன்றும் பழுதில்லாத டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியைப் புதிய இயங்குதளம் அடையாளம் காண மறுக்கிறது. ஒன்றை மாற்றப் புகுந்தால் நான்கை மாற்றவேண்டியிருக்கிறது.

வங்கித் துறையே இதற்கு விலக்கல்ல. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திக்கொண்டது. அதன் பின்னரும் நாட்டின் ஏ.டி.எம். இயந்திரங்களில் பல அதிலேயே ஓடின. ரிசர்வ் வங்கி 2018 ஜூன் மாதச் சுற்றறிக்கையில் இம்மந்தப் போக்கைக் கண்டித்துக் கெடு விதித்தது: செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால் பங்கு, ஜூனுக்குள் முழுவதும். பெரிய நிறுவனங்களுக்கே படிப்படியான கெடு தேவைப்பட்டதென்றால் சிறு கடைக்காரரை ஒரே நாளில் மாறச் சொல்வது பொருந்தாது. ஆனால் அவருக்குக் கெடு விதிப்பார் எவருமில்லை, அதுவே சிக்கல்.

2017 மே மாதம் வானாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது வயநாடு, பத்தனந்திட்டா மாவட்டங்களின் கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் பூட்டப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. உலக அளவில் பாதிக்கப்பட்டவற்றுள் மிகுதியானவை எக்ஸ்பி அல்ல. அப்போது ஆதரவில் இருந்தும் திருத்தம் ஏற்றப்படாத விண்டோஸ் 7 கணினிகளே. ஆகவே வயதைவிடக் கவனிப்பின்மையே பெருங்கேடு என்பது நமது கருத்து. ஆதரவு நின்ற இயங்குதளத்திலோ, கவனிக்க விரும்பினாலும் ஏற்றுவதற்குத் திருத்தம் கிடைக்காது.

அடிக்கடி முடங்குவதற்கெல்லாம் இயங்குதளமே காரணமென்று கொள்ளவும் வேண்டாம். காயற்காற்றின் ஈரமும் கடைத்தெருவின் தூசும் நினைவகத் தகட்டின் முனைகளைக் கெடுக்கின்றன. விசிறி அடைபட்டு வெப்பம் ஏறுகிறது. மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. தேய்ந்த ஹார்ட் டிஸ்க் அறிகுறி காட்டியே சாகிறது. மீண்டும் மீண்டும் விண்டோஸை அழித்து ஏற்றுவதற்குக் கூலி கொடுப்பதற்கு முன் இவற்றைப் பார்க்கச் சொல்வது மலிவு. அழித்து ஏற்றும்போது பேரேடும் சேர்ந்து அழிந்த கதைகள் சந்தையில் ஏராளம்.

பழைய மென்பொருளை விடவே முடியாதவர் அக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, சீட்டு அச்சிட மட்டும் வைத்துக்கொள்ளலாம். வங்கிப் பரிமாற்றத்தையும் ஜி.எஸ்.டி. வேலையையும் அதில் செய்யக்கூடாது. 2023 முதல் விண்டோஸ் 7-இல் குரோம் உலாவியும் புதுப்பிக்கப்படுவதில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி 2016-இல் வாங்கிய கணினிகளுக்குப் பெரும்பாலும் இல்லை. அவற்றைக் காயலோரக் குப்பையாக்க வேண்டியதில்லை. இணைய வேலைக்கு லினக்ஸ் போதும். கேரள அரசுப் பள்ளிகள் ஆண்டுக்கணக்காக அதிலேதான் பாடம் நடத்துகின்றன. கடைக்காரருக்குப் பழக்கமில்லையெனில் வீட்டிலுள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளை கற்றுத்தரும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் நாள்தோறும் கடை சாத்தும் முன் பேரேட்டின் நகலை வெளியே எடுத்துவைப்பது முதல் வேலை. அந்த நகல் வேறொரு கணினியில் உண்மையில் திறக்கிறதா என்று ஓணம் வியாபாரம் தொடங்குமுன் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.