விடுதி வாடகையும் இணையக் கட்டணமும்
தங்க வந்தவரிடம் தனிக் கட்டணம் கேட்பது நியாயமா?

வெளியூர் சென்று லாட்ஜில் அறை எடுப்பவருக்குக் கட்டில் உண்டு, மெத்தை உண்டு, மின்விசிறி உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்தே வாடகை. விளக்கு எரிந்ததற்கு இவ்வளவு, விசிறி சுழன்றதற்கு இவ்வளவு என்று யாரும் தனிக் கணக்கு எழுதுவதில்லை. ஆனால் வைஃபை இணைப்புக்கு மட்டும் சில விடுதிகளில் தனிக் கட்டணம் உண்டு. இது சரியா, தவறா?

பெரிய நகரங்களில் நட்சத்திர ஓட்டல்களில் தங்குகிறவர்களின் கவலை இது என்று பலர் எண்ணலாம். அப்படியன்று. கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள சின்னமனூர் போன்ற ஊர்களுக்கே இந்தக் கேள்வி அதிகம் பொருந்தும்.

யார் வந்து தங்குகிறார்கள்?

சின்னமனூருக்கு ரயில் கிடையாது. மதுரையிலிருந்து வரும் அகல ரயில் பாதை 2022-ஆம் ஆண்டு தேனியையும், 2023-ஆம் ஆண்டு போடிநாயக்கனூரையும் எட்டியது. அதற்கு அப்பால் பஸ்தான், இல்லையேல் சொந்த வாகனந்தான். மேகமலைக்கு ஏறுகிறவர்கள் இந்த ஊரிலிருந்துதான் மலைச்சாலையைப் பிடிக்க வேண்டும். குச்சனூர் சனீஸ்வரரைத் தரிசிக்க ஆடி மாதச் சனிக்கிழமைகளில் திரளான மக்கள் வருகிறார்கள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் குமுளி வழியாகச் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் இச்சாலையில்தான் போகிறார்கள். வாழைத்தார் வாங்கவும் திராட்சை வாங்கவும் வரும் வியாபாரிகள் வேறு.

இவர்களில் யாருக்கு இணையம் தேவையில்லை? சபரிமலைத் தரிசனத்துக்கு முன்பதிவு இணையத்தில். பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட் இணையத்தில். ஏலக்காய் வியாபாரிக்கோ போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தின் விலை தெரிய வேண்டும். பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு 2018-ஆம் ஆண்டிலிருந்து இணையவழியில் நடக்கிறது. குறித்த நேரத்துக்குள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்து அனுப்பாவிட்டால் பிள்ளையின் இடம் கைவிட்டுப் போகும். அந்த நாளில் வெளியூரில் தங்க நேர்ந்த தகப்பனாருக்கு இணையம் ஆடம்பரமா, அவசியமா?

முதலாளிகளின் கட்சி

விடுதி நடத்துகிறவர்கள் சொல்லும் காரணங்களையும் கேட்க வேண்டும். அவற்றிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

"இன்று எல்லார் கையிலும் டேட்டா இருக்கிறது; வேண்டாதவரும் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்பது முதற் காரணம். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அது பணக்காரரின் பண்டம். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது உண்மை. ஆனால் சுற்றிலும் மலை. உள்ளே காங்கிரீட் சுவர். கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றுதான். அன்றாட அளவு தீர்ந்தவரும், மடிக்கணினியில் வேலை பார்ப்பவரும், மலையிலிருந்து சிக்னல் இல்லாமல் இறங்கி வந்தவருமே விடுதி இணைப்பை நாடுகிறார்கள். இருப்பவர் கேட்பதில்லை, இல்லாதவரே கேட்கிறார். அவரிடம் தனிக் கட்டணம் கேட்பது, தாகமெடுத்தவரிடம் தண்ணீருக்கு விலை பேசுவதற்குச் சமம்.

"தவறாகப் பயன்படுத்தினால் போலீஸ் எங்களிடம் அல்லவா வரும்?" என்பது இரண்டாவது காரணம். இதைத் தள்ளிவிட முடியாது. 2008-ஆம் ஆண்டு ஜூலையில் ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது, நவி மும்பையில் கடவுச்சொல் இன்றித் திறந்து கிடந்த ஒருவருடைய வைஃபை வழியாகவே மிரட்டல் மின்னஞ்சல் போயிற்று. அதன்பின் 2009-ஆம் ஆண்டு மத்திய தொலைத்தொடர்புத் துறை, பொது இடங்களில் வைஃபை தருவோர் பயன்படுத்துகிறவரின் அடையாளத்தை அறிந்தே தர வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஆனால் அறை எடுக்கும்போதே ஆதாரோ வேறு அடையாளச் சீட்டோ வாங்கித்தானே சாவி கொடுக்கிறார்கள்? காவலுக்கு வேண்டியது அடையாளம். கட்டணம் வாங்குவதால் காவல் கூடிவிடாது.

"ஒருவர் விடிய விடியச் சினிமாப் படம் இறக்கினால் மற்றவர்களுக்கு இணைப்பு இழுக்கிறதே?" என்பது மூன்றாவது காரணம். பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாறு அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாக இங்கே வருகிறது. கூடலூர் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. தலைமடைக்காரர் மடையை முழுக்கத் திறந்துகொண்டால் கடைமடை காயும். அதற்காக வாய்க்காலை மூடிவிடுவதில்லை. முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். ரூட்டரிலும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று அளவு வைக்க வழி இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

செலவு எவ்வளவு ஆகும்? 20 அறை உள்ள ஒரு லாட்ஜை உதாரணமாகக் கொள்வோம். இணைப்புக்கு மாதம் 1,500 ரூபாய். மாடிதோறும் வைக்கும் கருவிகளுக்கு 30,000 ரூபாய், அதை ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 500. பழுது பார்க்க 1,000. ஆக மொத்தம் மாதம் 3,000, நாளுக்கு 100 ரூபாய். பாதி அறைதான் நிரம்புகிறது என்றாலும் ஓர் அறைக்கு நாள் ஒன்றுக்கு 10 ரூபாய்!

வரியும் இப்போது குறைந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாயிற்று. 1,000 ரூபாய் அறைக்கு 120 ரூபாய் வரி கட்டியவர் இப்போது 50 ரூபாய் கட்டுகிறார். விடுதிக்காரர் தாம் வாங்கும் பொருள்களுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பது அவர் பக்கத்து நஷ்டம். ஆயினும் வாடகையோடு 10 ரூபாயைச் சேர்த்துக்கொண்டால் முகம் சுளிக்கும் பிரயாணி யார்?

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. வாடகையை வாங்க விடுதிக்காரர் மேஜைமேல் யு.பி.ஐ. அட்டையை வைத்திருக்கிறார். வெளிநாட்டார் தங்கினால் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டியவரும் அவரே. முன்பதிவு வருவதும் இணையத்தில். தம் வரவுக்கெல்லாம் இணையம் வேண்டும். வந்தவருக்கு மட்டும் அது தனிப் பண்டமா?

சட்டமும் உலக அனுபவமும்

சட்டம் கட்டணத்தைத் தடுக்கவில்லை. ஓட்டலில் தண்ணீர்ப் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டு கேரள உயர் நீதிமன்றம், கல்லூரி விடுதி மாணவி தொடுத்த வழக்கில், இணையம் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. அதனால் தனியார் லாட்ஜ் அதை இலவசமாகத் தர வேண்டும் என்று ஆகிவிடாது. ஆனால் சொல்லாமல் பில்லில் சேர்ப்பது வேறு விஷயம். கேளாமல் சேர்க்கும் சேவைக் கட்டணம் கூடாதென்று 2022-ஆம் ஆண்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதித்த நெறிமுறையை, 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் ஏற்றது.

பேராசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் சாட்சி உண்டு. நாஷ்வில் நகரில் மாரியட் நிறுவனம் நடத்திய ஓட்டல் ஒன்றில், விருந்தினர் தம் கைப்பேசியிலிருந்து அமைத்துக்கொண்ட இணைப்புகளையே தடுத்துவிட்டு, மாநாட்டுக்கு வந்தவர்களிடம் கருவி ஒன்றுக்கு 250 முதல் 1,000 டாலர் வரை வசூலித்தார்கள். 2014-ஆம் ஆண்டு அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் தலையிட, அந்நிறுவனம் ஆறு லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. அடுத்த ஆண்டே ஹயாத் நிறுவனம் தன் விருந்தினர் அனைவருக்கும் இணையத்தை இலவசமாக்கியது.

செய்ய வேண்டியது என்ன?

இந்திய ரயில் நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனம் ஒரு வழி காட்டியது. நாளுக்கு அரை மணி நேரம் இலவசம். அதற்கு மேல் வேண்டுவோருக்குக் கட்டணம் என்று 2021-ஆம் ஆண்டு அது வகுத்த திட்டத்தில் மிகக் குறைந்த கட்டணம் 10 ரூபாய்தான். விடுதிகளும் இப்படிச் செய்யலாம். செய்தி அனுப்ப, விண்ணப்பம் போட, டிக்கெட் எடுக்க, ஊரில் இருப்பவர் முகம் பார்த்துப் பேசப் போதுமான அளவு இணையம் வாடகையிலேயே அடங்கட்டும். பெரும் அளவில் வேண்டுகிறவரிடம் முன்கூட்டிச் சொல்லித் தனியே வாங்கட்டும். யாரும் குறை கூற மாட்டார்கள்.

"வைஃபை இலவசம்" என்று வாசலில் எழுதிவிட்டு, மூன்றாம் மாடியில் கிடைக்காத இணைப்பை வைத்திருப்பதும் ஏமாற்றுதான். அதைவிட இல்லை என்று சொல்லிவிடுவது மேல். எல்லா அறைகளிலும் உண்டா, வரவேற்பு மேஜை அருகில் மட்டுமா, எவ்வளவு வரை வாடகையில் அடங்கும், அதற்கு மேல் என்ன கட்டணம் என்பதை வாடகைப் பலகையிலேயே எழுதிவைக்க வேண்டும்.

ராணி மங்கம்மாள் சாலையோரங்களில் சத்திரங்கள் கட்டிய நாடு இது. இன்றைய லாட்ஜ் தர்மச் சத்திரம் அன்று. லாபத்துக்கு நடக்கும் தொழில்தான். எனினும் தொழிலிலும் தர்மம் உண்டு. நாளுக்கு 10 ரூபாய்ச் செலவுக்காக அவசரத்தில் வந்தவரைத் தவிக்கவிட்டால், அடுத்த முறை அவர் உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ அறை தேடுவார். கொடுத்து வைத்திருந்தால் அவரே பத்துப் பேரை அழைத்து வருவார். எது லாபம் என்று விடுதி முதலாளிகள் யோசிக்கட்டும்!