எத்தனை ஆக்டேவ் சார் உங்க தொண்டை?

மேல்நாட்டு ராக், பாப் பாட்டு கேட்கிறவர்களிடம் ஒரு வியாதி இருக்கிறது. நல்ல பாடகர் யார் என்று கேட்டால் உடனே கணக்கு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். 'மரியா கேரிக்கு அஞ்சு ஆக்டேவ். ஃப்ரெடி மெர்க்குரிக்கு நாலு. உங்க பாப் டிலனுக்கு எத்தனை?' கேட்டுவிட்டு ஒரு நமுட்டுச் சிரிப்பு வேறு. பைக் வாங்கப் போன இடத்தில் 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?' என்று விசாரிக்கிற அதே தோரணை. இந்தக் கணக்கே தப்பு, தப்பு மட்டுமில்லை, பாடுகிறவர்களுக்கு ஆபத்தும்கூட என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வரவும்.

முதலில் ஆக்டேவ் என்றால் என்ன? நம் பாஷையில் ஸ்தாயி. கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ வரை. மேலே இருப்பதன் அதிர்வெண் கீழே இருப்பதைப் போல சரியாக இரண்டு மடங்கு. அவ்வளவுதான். ஒரு பெரிய பியானோவில் 88 கட்டைகள். அவற்றில் ஏழு ஆக்டேவும், கொசுறாக இரண்டு மூன்று சுரங்களும் அடங்கும். நாம் முணுமுணுக்கிற பெரும்பாலான பாப் பாட்டுகள் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு ஆக்டேவுக்குள் முடிந்துவிடும். மீதிக் கட்டைகளுக்கு அந்தப் பாட்டில் வேலையே இல்லை.

இதை வைத்து ராங்க் போட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு கின்னஸ் புத்தகமே சாட்சி. அமெரிக்கப் பாடகர் டிம் ஸ்டார்ம்ஸ் 2008-ல் பத்து ஆக்டேவ் என்று சாதனை படைத்தார். பியானோவே ஏழுதானே, மிச்சம் மூன்று எங்கே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. 2012-ல் அவர் இன்னும் கீழே இறங்கினார். 0.189 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு முறை அதிர்வதற்கு ஐந்து விநாடிக்கு மேல் ஆகும். மனுஷக் காதுக்கு சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் கேட்காது. பிரேசில் பாடகி ஜார்ஜியா பிரவுன் 2004-ல் எட்டு ஆக்டேவ் காட்டினார். அவர் தொட்ட உச்சம் 25,000 ஹெர்ட்ஸைத் தாண்டியது. அதுவும் நமக்குக் கேட்காது. நம் காது 20,000-த்தோடு கடையைக் கட்டிவிடும். இருவர் மேலும் எனக்குக் கோபமில்லை. உடம்பால் செய்கிற வித்தை, செய்யட்டும். ஆனால் யார் காதிலும் விழாத சுரத்துக்கு சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டு அதை சங்கீதக் கணக்கில் எழுதினால், ஸாரி, நான் ஆட்டத்துக்கு வரவில்லை.

சரி, கேட்கிற சுரத்துக்கே வருவோம். 2014-ல் இணையத்தில் ஒரு பட்டியல் சுற்றியது. பிரபல பாடகர்கள் ஸ்டுடியோவில் பதிவு செய்த பாட்டுகளில் ஆகக் கீழான சுரம் எது, ஆக மேலான சுரம் எது என்று பார்த்து வரிசைப்படுத்தியிருந்தார்கள். கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ஆக்ஸல் ரோஸ் முதலிடம். மரியா கேரி அடுத்து. உடனே 'மைக் பாட்டனை எப்படி விடலாம்?' என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. ஒரு பாட்டின் ஓரத்தில் அரை விநாடி கீச்சிட்டதையும், இன்னொரு பாட்டின் முடிவில் தொண்டைக்குள் உறுமியதையும் கூட்டிக் கழித்தால் வருகிற எண் இது. நடுவில் அந்த ஆள் என்ன பாடினார் என்பதற்கு மார்க்கே கிடையாது.

ஃப்ரெடி மெர்க்குரிக்கு வருகிறேன். ஸான்ஸிபாரில் பிறந்து, நம் பஞ்ச்கனி போர்டிங் ஸ்கூலில் படித்த பார்ஸிப் பையன். அவருக்கு நாலு ஆக்டேவ் என்பது ரசிகர்களின் வேதவாக்கு. 2016-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் அவருடைய பதிவுகளை எடுத்து அலசினார்கள். அந்த நாலு ஆக்டேவை அவர்களால் உறுதி செய்ய முடியவில்லை. மூன்று ஆக்டேவும் சொச்சமும் தேறியது. பேச்சுக்குரலைப் பார்த்தால் சாதாரண பாரிடோன், அதாவது ஆண்களில் நடுத்தரக் குரல். ஆனால் வேறு ஒன்று அகப்பட்டது. அவர் குரலில் வரும் நடுக்கம், அந்த வைப்ரேட்டோ, மற்றப் பாடகர்களைவிட வேகமானது. விநாடிக்கு ஏழு தடவை. அவர் உறுமும்போது குரல்நாணோடு அதற்கு மேலே இருக்கும் மடிப்புகளும் சேர்ந்து அதிர்ந்திருக்க வேண்டும் என்றும் கண்டார்கள். நமக்குப் புல்லரித்ததற்கு ஒரு காரணம் இங்கே இருக்கலாம். ஆக்டேவ் கணக்கில் இதற்கு இடம் ஏது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1975-ல் வந்த 'பொஹீமியன் ராப்ஸடி'யில் வானத்தைக் கிழிக்கிற அந்த உச்ச சுரங்களை ஃப்ரெடியின் கணக்கில் வரவு வைத்திருக்கிறீர்களா? அழித்துவிடுங்கள். அவற்றைப் பாடியவர் டிரம்மர் ரோஜர் டெய்லர். ஃப்ரெடிக்கு இதனால் குந்துமணி அளவும் குறைவில்லை. எந்த சுரம் யார் தொண்டைக்குப் பொருந்தும் என்று தெரிந்து பிரித்துக் கொடுப்பதும் சங்கீத ஞானம்தான்.

இதோடு மெஷின் விவகாரமும் இருக்கிறது. எண்ணெய்க் கம்பெனிகளுக்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டி ஹில்டபிராண்ட் என்ற இன்ஜினீயர் 1997-ல் ஆட்டோ-ட்யூன் மென்பொருளைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டில் அதை ஒளிவு மறைவில்லாமல் உலகமே கேட்டது. இன்று சுரத்தை மேலே தூக்குவதும் கீழே இறக்குவதும் மவுஸ் வேலை. அப்படிப்பட்ட பதிவுகளில் உச்சம், பாதாளம் தேடி அளக்கிறவர்கள் தொண்டையை அளக்கிறார்களா, கம்ப்யூட்டரையா?

'விளையாட்டுக்குத்தானே சார், பட்டியல் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்பீர்கள். நஷ்டம் இருக்கிறது. அது பாடுகிறவர்களின் தொண்டையில் விழுகிறது.

குரல்நாண் என்பது ஆணுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கு இன்னும் குறைவு. 440 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பாடினால் அந்த இரண்டு மடிப்புகளும் விநாடிக்கு 440 தடவை திறந்து மூடுகின்றன. ஒரு ஆக்டேவ் மேலே போனால் 880. அதை ஐந்து விநாடி இழுத்துப் பிடித்துக் கைதட்டல் வாங்கினால் 4,400. ஒழுங்காகப் பழகியவர்கள் இதைக் காயமில்லாமல் செய்வார்கள். ஓய்வில்லாமல், ஜலதோஷத்தோடு, கத்தித் தள்ளினால் வீக்கம், முடிச்சு, ரத்தக்கசிவு. அடேலுக்கு 2011-ல் குரல்நாணில் ரத்தம் கசிந்தது. கச்சேரிகளை ரத்து செய்துவிட்டு நவம்பரில் பாஸ்டன் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். 2017-ல் லண்டன் வெம்ப்ளியில் நாலு நாள் கச்சேரி. இரண்டு நாள் பாடியதும் குரல்நாண் பழுதாகி, மீதி இரண்டையும் ரத்து செய்தார். சிறந்த டாக்டர்கள் பக்கத்தில் இருக்கிற ஆளுக்கே இந்தக் கதி. டி.வி. போட்டியில் கைதட்டலுக்காக உச்சாணிக் கொம்பில் தொங்குகிற பதினாறு வயசுப் பெண்ணுக்கு எந்த டாக்டர்? அவளை ஏற்றிவிடுவது நம் கைதட்டல்தான்.

உச்ச சுரமே வேண்டாம் என்று நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை டாலி பார்ட்டன் எழுதி 1974-ல் பாடியபோது அது ஒரு அமைதியான விடைபெறுதல். 1992-ல் விட்னி ஹூஸ்டன் அதை வானத்துக்கு ஏற்றினார். ஆனால் எப்படி ஏற்றினார்? ஆரம்பத்தில் முக்கால் நிமிஷம் வாத்தியமே கிடையாது. தனிக்குரல், தணிந்த குரல், நடுநடுவே மூச்சு. அப்படி நம்மைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசியதால்தான் கடைசியில் டிரம் அடித்து அவர் எழும்பும்போது நாமும் எழும்புகிறோம். போட்டிகளில் பாடுகிறவர்கள் முதல் பாதியை அவசரமாகக் கடந்துவிட்டு அந்த டிரம்முக்காகக் காத்திருக்கிறார்கள். பட்டியல் கொடுத்த பயிற்சி அது.

குரல் சுருங்கினால் பாடகர் கதை முடிந்தது என்பதும் பொய். எல்டன் ஜானுக்கு 1987-ல் தொண்டையில் ஆபரேஷன். பழைய பொய்க்குரல் உச்சங்கள் போயின, குரல் கனத்தது. டயானா இறந்தபோது அவர் பாடிய 'கேண்டில் இன் தி விண்ட் 1997' மூன்று கோடிக்கு மேல் விற்றது ஆபரேஷனுக்குப் பத்து வருஷம் கழித்து, அந்தக் கனத்த குரலில்தான். ஜானி கேஷ் 2002-ல் 'ஹர்ட்' பாடும்போது உடம்பும் தளர்ந்துவிட்டது, குரலும் உடைந்துவிட்டது. அடுத்த வருஷம் இறந்துபோனார். இளைஞர்களின் ராக் பாட்டு ஒன்றை அந்த உடைந்த குரல் ஒரு கிழவரின் மரண சாசனமாக மாற்றியது. இதற்கு எத்தனை ஆக்டேவ் போடுவீர்கள்?

ஒரு பரீட்சை சொல்கிறேன், செய்து பாருங்கள். ஜோனி மிட்செல் எழுதிய 'போத் சைட்ஸ் நௌ'. 1969-ல் இருபத்தைந்து வயசில் பாடிப் பதிவு செய்தார். குருவி மாதிரி மேலே துள்ளுகிற குரல். அதையே 2000-ல், ஐம்பத்தாறு வயசில், ஆர்க்கெஸ்ட்ராவோடு மறுபடி பாடினார். குரல் கீழே இறங்கி, புகை படிந்து, அகலம் குறைந்து போயிருக்கிறது. 2015-ல் மூளையில் ரத்தநாளப் பிரச்னை வந்து, பேசவும் நடக்கவும் திரும்பக் கற்றுக்கொண்டவர், 2024 கிராமி மேடையில் எண்பது வயசில் நாற்காலியில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடினார். வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன், இன்னும் புரியவில்லை என்கிற பாட்டு அது. இருபத்தைந்து வயசில் அது கெட்டிக்காரத்தனம். எண்பதில் வாக்குமூலம்.

மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். ஆக்டேவ் கணக்குப்படி முதலாவதுதான் ஜெயிக்க வேண்டும். உங்கள் காது எதை ஜெயிக்க வைக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு யார் தொண்டையையாவது அளக்கத் தோன்றினால், தாராளமாக அளங்கள். டி.வி.யில் அந்தப் பதினாறு வயசுப் பெண் கத்தும்போது மட்டும் தயவுசெய்து கைதட்டாதீர்கள்.