தங்கல் வேறு, சங்கிலி வேறு

கீழ்ப்பாக்கத்தைப் போலவே ஏர்வாடியும் தமிழில் வெறும் ஊர்ப்பெயராக இல்லாமல் போய் வெகுகாலமாகிறது. ஒருவரை இழிவுபடுத்த, 'ஏர்வாடிக்கு அனுப்ப வேண்டிய ஆள்' என்று சொன்னால் போதும், கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். கீழக்கரையை அடுத்து, மன்னார் வளைகுடாவின் ஓரத்தில், சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது அடங்கியுள்ள தர்காவை நம்பி நாற்பது நாள், ஆறு மாதம், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் வந்து தங்குகிற மனநோயாளிகளையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சுதான் உண்டு. மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லில் கணக்கை முடித்துக்கொள்வது ஒன்று. சந்தனக்கூடு விழாவை மத நல்லிணக்கத்தின் அடையாளமாகப் புகழ்ந்துவிட்டு நோயாளிகளைக் காணாததுபோல் கடந்து செல்வது மற்றொன்று. இவ்விரண்டையும் நாங்கள் மறுக்கிறோம்.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 1999 இல், பாலாவின் 'சேது' படத்தில் மடத்தில் சங்கிலியோடு கிடந்த நாயகனுக்காகத் தமிழகமே கண்ணீர் விட்டிருந்தது. திரையில் சங்கிலியைப் பார்த்து அழுத சமூகம், தரையில் கிடந்த சங்கிலியைப் பார்ப்பதற்கு 28 உடல்கள் தேவைப்பட்டன.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தன. சில நாட்களுக்குள் ஏர்வாடியின் காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, மாநிலந்தோறும் அரசு மனநல மருத்துவமனை வேண்டும் என்றது. 2017 இல் இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. இவையெல்லாம் சரியே. காப்பகங்களை மூடியதில் எங்களுக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் சங்கிலியையும் தங்கலையும் ஒரே குற்றமாகப் பார்த்ததுதான் பிழை. சங்கிலி கொடுமை, தங்கல் தேவை. கொடுமையை ஒழிக்கச் சட்டம் வந்தது. தேவைக்கு விடை இன்றுவரை வரவில்லை.

குடும்பங்கள் ஏன் ஏர்வாடிக்குப் போகின்றன? நம்பிக்கையினால் மட்டும் என்று நினைப்பது அரைகுறை அறிவு. ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு, அக்கம்பக்கத்தாரின் பார்வைக்கு அஞ்சி, மகனையோ மகளையோ ஒளித்து வைத்திருக்கும் தாய்க்கு, அந்த நோயைக் கண்டு எவரும் முகம் சுளிக்காத ஓர் ஊர் தேவைப்படுகிறது. வாடகைக்கு ஓர் அறை, சமைக்க ஓர் அடுப்பு, அதே துயரத்தைச் சுமக்கும் இன்னொரு தாயின் துணை. மகான் கனவில் வந்து உத்தரவு தரும்வரை காத்திருப்பது என்பது, ஒரு வகையில், அவசரப்படுத்தப்படாமல் இருப்பதற்கான உரிமையும்கூட. நம் பொது மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் சில நிமிடப் பேச்சும் ஒரு மாத மாத்திரையும் கிடைக்கும். அந்தத் தாய் தங்குவதற்கு இடம் கிடைக்காது.

நெடுநாள் தங்குவது பணமுள்ளவர் செய்தால் வாழ்க்கைமுறை எனப்படுகிறது. மெக்சிகோவின் சான் மிகெல் தெ அயெந்தே என்ற பழைய காலனிய நகருக்கு, வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு வரும் அமெரிக்க முதியவர்கள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். மனநிம்மதிக்காக என்று அவர்கள் சொன்னால் பயணக் கட்டுரை கிடைக்கிறது. அதே மனநிம்மதியைத் தேடிப் பாயும் பாத்திரமுமாக ஏர்வாடிக்கு வருகிறவளுக்கு நாம் தருவது ஏளனம்.

தங்கலின் பயனை மருத்துவம் அறியாமல் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் உறவினர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2002 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே தனிச் சடங்குகள் எதுவும் இல்லை. உடன் ஓர் உறவினர், கோயிலின் அன்றாட வேலைகள், அச்சுறுத்தாத சூழல், அவ்வளவே. பெல்ஜியத்தின் கீல் நகரம் இன்னும் பழைய சான்று. புனித டிம்ஃப்னாவின் தலத்துக்கு வந்த மனநோயாளிகளை ஊரார் தம் வீடுகளில் தங்கவைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு அதை மருத்துவ மேற்பார்வையின்கீழ்க் கொண்டுவந்தது. 1930களில் அப்படித் தங்கியவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அந்த மரபு இன்றும் அறுபடவில்லை.

தர்காவில் காத்திருக்கும் காலத்தில் நோய் முற்றிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மனச்சிதைவுக்கு மருந்து தாமதமாவது பெருங்கேடு. அதை மறைத்துத் தர்காவைப் புனிதப்படுத்த நாங்கள் வரவில்லை. ஆகவேதான் மருந்து அவர்கள் தங்கும் இடத்துக்கே போகவேண்டும் என்கிறோம். பிரார்த்தனையைத் தடுக்காமல் மருந்தும் தரும் 'தவா-துவா' திட்டத்தை அரசு ஏர்வாடியிலேயே நடத்திவருவது பாராட்டத்தக்கது. ஆனால் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும் இடம் எப்படிப்பட்டது என்பதும் சிகிச்சையைச் சேர்ந்ததே. காற்றில்லாத வாடகை அறையில் பகலெல்லாம் அடைந்து கிடப்பவனுக்கு எந்த மருந்து முழுமையாக வேலை செய்யும்?

எங்கள் கோரிக்கை எளியது. தீப்பற்றாத கூரையும், தண்ணீரும் கழிப்பறையும், பெண்களுக்குப் பாதுகாப்பும், அருகிலேயே மருத்துவரும் கொண்ட, குடும்பத்தோடு தங்கக்கூடிய விடுதிகளை அரசும் தர்கா நிர்வாகமும் சேர்ந்து ஏர்வாடியில் கட்டவேண்டும். வழிநடைக்காரருக்குச் சத்திரம் கட்டிய சேதுபதிகளின் சீமை அது. புதிய வழக்கம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு சொல். ஆகஸ்ட் 6 அன்று மட்டும் ஏர்வாடியை நினைப்பதும், சங்கிலியைப் படிமமாக்கிக் கவிதை செய்வதும் போதும். அங்கே இன்று இரவும் யாரோ ஒருத்தி, உறங்காத மகனுக்குப் பக்கத்தில் உறங்காமல் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தேவை நம்முடைய படிமம் அல்ல, ஒழுங்கான ஓர் அறை.