பெயருக்கு முன்னால் ஒரு ஊர்

திருவனந்தபுரம் வலியசாலையில் உள்ள சாலை, வண்டி ஓடும் சாலை அல்ல. அது ஒரு பள்ளிக்கூடம். 'வலிய' என்றால் மலையாளத்தில் பெரிய. ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் 'சாலை' என்ற சொல் மாணவர்கள் தங்கி, சாப்பிட்டு, படித்த இடத்தைக் குறித்தது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை ஏற்படுத்தியதை கி.பி. 866ஆம் ஆண்டுச் செப்பேடு சொல்கிறது. அதற்கு முன்மாதிரி காந்தளூர்ச் சாலை என்றும் அதே செப்பேடு சொல்கிறது. வலியசாலை சிவன் கோயிலுக்கு இன்றைக்கும் காந்தளூர் மகாதேவர் கோயில் என்றுதான் பெயர்.

ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் பெருமையோடு குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று பலர் சொல்கிறார்கள். வேறு இடத்தைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே ராஜராஜன் செய்தது கப்பல்களை அழித்ததா, அல்லது சாலையில் நடந்துவந்த சாப்பாட்டு உரிமைகளில் கைவைத்ததா என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் பழைய சண்டை இன்னும் ஓயவில்லை. இடுக்கி மாவட்டத்தில், மறையூர் பக்கம், ஆப்பிள் விளையும் காந்தளூர் வேறு ஒன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் மனிதர்களுக்கு மட்டும் குழப்பம் வருவதில்லை.

வலியசாலையை அடுத்து ஆரியசாலை. அதை ஒட்டி, திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய, பின்னாளில் ஆ. மாதவனின் கதைகளால் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான சாலைக் கடைத்தெரு. மூன்றும் ஒரே குடும்பப் பெயரைப் போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகள் மாதிரி அடுத்தடுத்து நிற்கின்றன. ஊர்களுக்கும் 'சர்நேம்' உண்டு. புரம், குடி, பட்டி, மங்கலம் எல்லாம் அந்த வகைதான். ராஜா பிராமணர்களுக்குத் தானம் கொடுத்த ஊர் என்பதை சதுர்வேதிமங்கலம் தன் பெயரிலேயே சொல்லிவிடும். மனிதனின் பெயரைப் போல ஊரின் பெயரிலும் ஜாதகம் ஒளிந்திருக்கிறது.

வலியசாலையில் இருப்பது கேரளத்தின் நீளமான அக்ரகாரங்களில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறியவர்களின் தெரு. வந்தவர்கள் எதை விட்டு வந்தாலும் ஊர்ப் பெயரை விட்டு வரவில்லை. அதைத் தங்கள் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தாக மடித்து வைத்துக்கொண்டார்கள். ஊர், அப்பா, அப்புறம்தான் தான். ஒரு மனிதன் எங்கிருந்து வந்தான், யாருடைய பிள்ளை, அவனை எப்படிக் கூப்பிடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் இரண்டு இனிஷியலும் ஒரு பெயரும் பதில் சொல்லிவிட்டன.

இந்த ஏற்பாட்டில் கடவுளுக்கும் விலக்கு இல்லை. நவராத்திரிக்கு வருஷா வருஷம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மூன்று தெய்வங்கள் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகின்றன. பத்மநாபபுரம் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் இறங்குகிறாள். வேளிமலை குமாரசுவாமிக்கு ஆரியசாலை. சுசீந்திரம் முன்னுதித்த நங்கைக்கு செந்திட்டை. ராஜாவின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து மாறியபோது தொடங்கிய வழக்கம் இது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மாநிலம் இரண்டானதும் தெய்வங்கள் எல்லை தாண்டி வர ஆரம்பித்தன. ஊர்ப் பெயர் மட்டும் மாறவில்லை. நாகர்கோவிலையோ செங்கோட்டையையோ இனிஷியலில் வைத்திருந்த வலியசாலைக் குடும்பங்களுக்கும் அதே கதைதான். ஒரே ராஜ்யத்தில் இருந்த சொந்த ஊர் திடீரென்று வேறு மாநிலத்து ஊர் ஆகிவிட்டது.

பக்கத்துத் தைக்காட்டில் உள்ள சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி 1939இல் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் வந்து 1963 வரை இருந்தவர் செம்மங்குடி சீனிவாச அய்யர். ஒருவர் திருநெல்வேலிச் சீமைக் கிராமம், இன்னொருவர் தஞ்சைக் கிராமம். சங்கீத உலகத்தில் ஊர்ப் பெயர் ஆளையே விழுங்கிவிடும். 'நேற்று செம்மங்குடி கச்சேரி' என்றால் யாரும் பஸ் டிக்கெட் எடுக்கப் போக மாட்டார்கள். இத்தனைக்கும் 1908இல் அவர் பிறந்தது திருக்கோடிக்காவலில். பிறந்த ஊர் ஒன்று, பெயரில் உள்ள ஊர் ஒன்று, வாழ்ந்த ஊர் வேறொன்று.

திருவனந்தபுரத்தின் பேட்டைகளும் இதில் சளைத்தவை அல்ல. திருவிதாங்கூரின் பிரதமராகவும் பின்னர் கேரள முதலமைச்சராகவும் இருந்த தாணுப் பிள்ளையை ஜனங்கள் 'பட்டம்' என்றார்கள். நகரத்தில் பட்டம் ஒரு பேட்டை. நவீன மலையாளக் கவிதையின் மூவரை 'ஆசான், உள்ளூர், வள்ளத்தோள்' என்று ஒரே மூச்சில் சொல்வது அங்கே பள்ளிக்கூடப் பழக்கம். ஆசான் என்பது தொழில், வள்ளத்தோள் வீட்டுப் பெயர், உள்ளூர் ஊர்ப் பெயர். உள்ளூர் எஸ். பரமேஸ்வர அய்யர் 1877இல் சங்கனாசேரியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. மலையாளத்தின் மகாகவி ஆனார். அவர் பெயரில் நினைவு நூலகம் இருப்பது உள்ளூரில் அல்ல, ஜகதியில். அந்த ஜகதியோ நாடகாசிரியர் ஜகதி என்.கே. ஆச்சாரிக்கும் அவருடைய மகன் நடிகர் ஜகதி ஸ்ரீகுமாருக்கும் முதல் பெயராகிவிட்டது.

கிள்ளியாற்றுக்கு அருகில் உள்ள கரமனையில் ஒரு சின்ன மாற்றம் தெரிகிறது. நடிகர் கரமனை ஜனார்தனன் நாயரின் மகனும் நடிகர்தான். அவர் பெயர் சுதீர் கரமனை. அப்பாவுக்கு முன்னால் நடந்த ஊர் மகனுக்குப் பின்னால் நடக்கிறது. 2021இல் மறைந்த சின்னத்திரை நடிகர் ரமேஷ் வலியசாலையும் ஊரைப் பின்னால்தான் வைத்திருந்தார். இது ரசனை மாற்றம் மட்டும் அல்ல. உலகத்து விண்ணப்பப் படிவங்கள் பலவற்றில் குடும்பப் பெயர் கடைசியில்தான் நிற்கிறது.

ஊரைப் பெயராக்கிக்கொள்வது தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் மட்டுமே உரிய சொத்து அல்ல. கோவாவின் மங்கேஷி கிராமத்திலிருந்து வந்தது மங்கேஷ்கர். பஞ்சாபில் பாதல் என்பது ஒரு கிராமம். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனுக்கு முன்னால் நிற்கும் சர்வபள்ளி நெல்லூர்ப் பக்கத்து ஊர். இங்கிலாந்தின் வடக்கே உள்ள வாஷிங்டன் என்ற சிறிய ஊர் ஒரு குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது. அந்தக் குடும்பத்து வாரிசு அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஆனார். அவர் பெயரை அந்த நாட்டின் தலைநகரத்துக்கே வைத்துவிட்டார்கள். ஊர் ஆளாகி, ஆள் மறுபடி ஊராகிவிட்டது. சென்னையில் தியாகராயச் செட்டியார் பெயரில் அமைந்த நகர் 'டி. நகர்' என்று சுருங்கியதில், ஊருக்கே இனிஷியல் கிடைத்தது.

வித்தியாசம் என்னவென்றால், மங்கேஷ்கரில் மங்கேஷி முழுசாகத் தெரிகிறது. தமிழனின் ஊர் ஒற்றை எழுத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. அதுவும் இங்கிலீஷ் எழுத்துக்குள். 'டி' என்றால் திருநெல்வேலியா, தஞ்சாவூரா, தூத்துக்குடியா, திருவனந்தபுரமா? 1990களில் அரசியல்வாதிகளைத் தூங்கவிடாத தலைமைத் தேர்தல் கமிஷனர் டி.என். சேஷனின் 'டி', பாலக்காட்டுத் திருநெல்லாய். நாட்டிலுள்ள ஒவ்வொரு வாக்காளரின் பெயரையும் போட்டோவோடு அட்டையில் ஏற்றவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரின் சொந்தப் பெயரில் ஊர் ஒரு புள்ளி வைத்த எழுத்தாகவே இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதனின் 'எம்', குட்டநாட்டு மங்கொம்பு. கும்பகோணத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, நெல்லுக்கும் கோதுமைக்கும் பெயர்பெற்றவர். அவர் இனிஷியலில் இருந்த மங்கொம்பு, நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர். அவரைத் தெரிந்த லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அந்த 'எம்' ஒரு வயல்வெளி என்று தெரிந்திருக்கும்?

தபால் இலாகாவும் பள்ளிக்கூடமும் இதைச் சகித்துக்கொண்டன. பாஸ்போர்ட் சகித்துக்கொள்ளவில்லை. அதில் இனிஷியலுக்கு இடம் கிடையாது. கொடுத்த பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். குடும்பப் பெயர் இல்லாத தமிழன் அப்பாவின் பெயரை அங்கே எழுதுகிறான். உதாரணத்துக்கு, சுப்பிரமணியனின் மகன் ராமநாதன் வெளிநாட்டில் 'மிஸ்டர் சுப்பிரமணியன்' ஆகிறான். போனில் கூப்பிட்டால் கிராமத்தில் இருக்கும் அப்பாதான் 'என்ன?' என்று கேட்கவேண்டும். ராமநாதனின் மகனுக்குக் குடும்பப் பெயர் ராமநாதன். ஆக ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பெயர். கட்டத்தைக் காலியாக விட்டாலோ, அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயர் குடும்பப் பெயராகிவிடும். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் எஃப்.என்.யு. உட்கார்ந்துகொள்ளும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகு வந்தது.

இந்தக் கட்டத்தை நிரப்ப எல்லோருக்கும் தெரிந்த ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஜாதிப் பெயர். வடக்கே அதுதான் பெரும்பாலும் வழக்கம். தமிழ்நாட்டில் 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அவை பெயர்களிலிருந்து உதிர்ந்தன. தெருப் பலகைகளிலிருந்துகூட நீக்கப்பட்டன. பேராசிரியரும் பெட்டிக்கடைக்காரரும் ஒரே மாதிரி ஒரு எழுத்தும் ஒரு பெயருமாக நின்றார்கள். எத்தனையோ பேரின் உழைப்பில் வெளியே போனதை, கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகக் கம்ப்யூட்டர் உள்ளே கூப்பிடுகிறது. தாத்தா விட்ட பட்டத்தைப் பேரன் விசாவுக்காகத் திரும்ப எடுத்துக்கொள்கிறான் என்றால், அது வெறும் எழுத்துப் பிரச்னை அல்ல.

ஊர்ப் பெயர் இதற்கு நல்ல மாற்றுப் போலத் தெரிகிறது. செங்கப்படுத்தான்காட்டில் பிறந்த கல்யாணசுந்தரத்தைப் 'பட்டுக்கோட்டை' என்று சொல்லும்போது ஜாதி நினைவுக்கு வருவதில்லை. கட்டமும் நிரம்புகிறது. தலைமுறைக்குத் தலைமுறை மாறவும் வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ள முதலில் ஊர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியவேண்டும். அக்ரகாரத்து வித்வானுக்கும் கோயில் நாதஸ்வரக்காரருக்கும் ஊர் ஒரு பட்டம். அதே கிராமத்தின் ஓரத்தில் சேரியில் இருந்தவனுக்கு அந்தப் பெயரை யாரும் சூட்டவில்லை. அவனுக்குத் தெருவே மூடியிருந்தது.

வலியசாலையிலிருந்து தெற்கே சில மைல் தூரத்தில் வெங்ஙானூர். 1863இல் அங்கே பிறந்தவர் அய்யன்காளி. அவர் பெயருக்கு முன்னால் வெங்ஙானூர் இல்லை. புலையர்கள் பொதுச் சாலையில் நடக்கக்கூடாது என்றிருந்த காலத்தில், 1893இல், வில்வண்டி வாங்கி, தலைப்பாகை கட்டி, அந்தச் சாலையில் ஓட்டிக்காட்டியவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சமி என்ற சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். சாலை என்ற சொல்லுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள பழைய அர்த்தம் பள்ளிக்கூடம், புதிய அர்த்தம் ரோடு. அவர் காலத்தில் அவருடைய ஜனங்களுக்கு இரண்டு சாலையும் மூடியிருந்தன. இரண்டையும் தட்டித் திறந்தார்.

1896இல் கட்டிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு 2019இல் அய்யன்காளி ஹால் என்று பெயர் வைத்தது கேரள அரசு. 2022இல் ஊருட்டம்பலம் பள்ளிக்கூடம் அய்யன்காளி, பஞ்சமி இருவரின் நினைவுப் பள்ளி ஆயிற்று. பெயருக்கு முன்னால் ஊர் இல்லாத அந்த இருவரின் பெயரையும் இப்போது அந்தப் பள்ளிக்கூடம் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறது. அதுவும் இனிஷியலாக அல்ல, முழுசாக.