முதலில் பூட்டு... அப்புறம் செடி!

‘டாக்டர், எங்க பையன் கனடாவில் இருக்கான். வீட்டுக்குள்ளேயே கஞ்சா செடி வளர்க்கப் போறானாம். அங்கே சட்டப்படி தப்பில்லையாம். நம்ம சித்த வைத்தியத்திலேயும் அது மருந்துதானே... வளர்த்தா என்ன?’

இந்த ரகக் கேள்விகள் இப்போது சர்வசாதாரணமாக வருகின்றன. கேட்பவர்கள் யாரோ அல்ல. ரிட்டயர்டு ஆசிரியர்கள், பேங்க் ஊழியர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். கேட்பதில் தப்பே இல்லை. மூடி மறைப்பதைவிட வாய்விட்டுக் கேட்பது எவ்வளவோ மேல்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இருப்பவர்கள் இந்த ஆசையை அடியோடு விட்டுவிட வேண்டும். சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்கள், செடிக்கு வேண்டிய சாமான்களை வாங்குவதற்கு முன்னால் வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வாங்க வேண்டும். இந்த இரண்டாவது பட்டியலைக் கடைக்காரர் உங்களுக்குத் தரமாட்டார்!

எங்கே சரி, எங்கே தப்பு?

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவுக்கு அனுமதி உண்டு. ஒரு வீட்டுக்கு நாலு செடி. கவனியுங்கள், ஆளுக்கு நாலு இல்லை. வீட்டில் எத்தனை பெரியவர்கள் இருந்தாலும் மொத்தம் நாலுதான். கியூபெக் மாகாணத்தில் அதுவும் கிடையாது. அந்தத் தடை செல்லும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றமே 2023-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல், 18 வயது தாண்டியவர் ஒருவருக்கு மூன்று செடி. உருகுவே 2013-லேயே சட்டம் போட்டது. தாய்லாந்து 2022-ல் கதவை அகலத் திறந்தது. 2025-ல் ‘டாக்டர் சீட்டு இருந்தால்தான் பூ’ என்று பாதிக் கதவைச் சாத்திவிட்டது.

வாடகை வீடா? வீட்டுக்காரரின் ஒப்பந்தத்திலும் அடுக்குமாடிச் சங்கத்தின் விதிகளிலும் தடை இருக்கலாம். கனடாவில் வரம்பை மீறி வளர்ப்பது அதிகபட்சம் 14 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஒன்றிரண்டு செடி கூடினால் அபராதச் சீட்டோடு போகலாம். ஆனால், குடியுரிமை கிடைக்காமல் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி வழக்கு ஒன்று போதும், அங்கே தொடர்ந்து இருப்பதே சிக்கலாகிவிடும்.

நம் ஊரில்? 1985-ம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘மொட்டை மாடியில் ஒரே ஒரு தொட்டிதானே சார்’ என்பதெல்லாம் எடுபடாது. சிங்கப்பூரில் இன்னும் கடுமை. அந்த நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாடு போய்ப் புகைத்துவிட்டு வந்தாலும் அது குற்றம்தான்.

கடைக்காரர் தரும் பட்டியல்

கூடாரம், எல்.இ.டி. விளக்கு, டைமர், எக்ஸாஸ்ட் ஃபேன், கரி வடிகட்டி, தொட்டிகள், மண் கலவை, உரப் பாட்டில்கள், காரத்தன்மை பார்க்கும் மீட்டர், ஈரப்பதம் காட்டும் மீட்டர், கண்ணாடி ஜாடிகள்... புதிதாக ஆரம்பிப்பவரிடம் நீட்டப்படும் ஜாபிதா ஏறக்குறைய இதுதான்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. இது வெயில் விரும்பும் செடி. பனி கொட்டும் தேசத்தில் வீட்டுக்குள் வளர்த்தால் விளக்குதான் சூரியன். இரவு நீளமானால்தான் பூக்கும், அதற்காக டைமர். பூக்கும்போது வாடை தெருவரைக்கும் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கரி வடிகட்டி.

என்னைக் கேட்டால், கலர் கலரான உரப் பாட்டில்களுக்குக் கொட்டும் காசில் பாதி தண்டம். ஆரோக்கியத்தைப் பாதிக்கும் விஷயங்கள் வேறு.

மண்: நிலத்தில் இருக்கும் காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்து வைப்பதில் கஞ்சா செடி கெட்டிக்காரி. எங்கிருந்தோ அள்ளிய மண் வேண்டாம். நம்பகமான, சுத்தமான தொட்டி மண்தான் வேண்டும்.

ஈரப்பதம்: பூ சரியாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நம் வீட்டு ஊறுகாயில் பூஞ்சணம் தெரிந்தால் ஜாடியோடு தூக்கிப் போடுகிறோம் இல்லையா? அதே பூஞ்சணம் புகையோடு நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும்? புற்றுநோய் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. ஆகவே மலிவான அந்த ஈரப்பத மீட்டர், விலை உயர்ந்த விளக்கைவிட முக்கியம்.

பூச்சிமருந்து: கழுவிச் சாப்பிடும் காய்கறிக்கு அடிப்பதை, எரித்துப் புகைக்கும் பூவுக்கு அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மைக்ளோபியூட்டானில் என்ற பூஞ்சைக்கொல்லி சூடானால் சயனைடு வாயுவை வெளியிடும்.

மின்சாரம்: தண்ணீரும் கரண்டும் ஒரே கூடாரத்துக்குள்! ஒரே பிளக்கில் விளக்கு, விசிறி, ஹீட்டர் எல்லாவற்றையும் சொருகினால் தீ விபத்துதான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

நான் தரும் பட்டியல்

ஒன்று, பூட்டு. ஒன்றல்ல, இரண்டு. அறைக்கு ஒன்று, காய்ந்த சரக்கு வைக்கும் பெட்டிக்கு ஒன்று. பெரியவர்கள் இதை பிஸ்கட்டாக, சாக்லெட்டாகச் செய்து வைக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது வெறும் பிஸ்கட்தானே! தின்றுவிட்டால் தள்ளாட்டம், அளவுக்கு மீறிய தூக்கம், சில சமயம் மூச்சே மந்தமாகும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே போய், ‘என்ன தின்னான்னே தெரியலை’ என்று மழுப்பக் கூடாது. உண்மையைச் சொன்னால்தான் சரியான சிகிச்சை. வீட்டு நாய்க்கும் இதே ஆபத்து உண்டு.

இரண்டு, லேபிள். என்ன சரக்கு, எந்தத் தேதி என்று எழுதாத ஜாடி வீட்டில் இருக்கவே கூடாது.

மூன்று, சின்னத் தராசும் ஒரு நோட்டும். அரசு அனுமதித்த கடையில் வாங்கும் பொட்டலத்தில் டி.எச்.சி. என்ற போதைச் சத்து எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். வீட்டுச் செடிக்கு அந்தக் கணக்கு ஏது? ஒரே செடியில் மேல் பூவுக்கும் கீழ்ப் பூவுக்கும் வித்தியாசம் உண்டு. வாய்வழி சாப்பிட்டால் வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். ‘ஒண்ணும் ஆகலியே’ என்று அவசரப்பட்டு இன்னொரு துண்டு வாயில் போடுபவர்தான் ராத்திரி படபடப்போடு ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறார்.

நான்கு, விஷமுறிவு ஆலோசனை மையத்தின் போன் நம்பர். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

இவர்கள் கிட்டேயே போகக் கூடாது!

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் (டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தாய்ப்பாலில் வரும்), இருதய நோயாளிகள், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள். முக்கியமாக, 25 வயதுக்குள் இருப்பவர்கள். மூளையின் வளர்ச்சி அதுவரைக்கும் முழுமையடைவதில்லை. காலேஜ் படிக்கும் பிள்ளை சட்டப்படி வயது வந்தவனாக இருக்கலாம். அவன் மூளைக்கு இன்னும் வயது வரவில்லை!

நெடுநாள் தினசரி பழக்கம் உள்ள சிலருக்கு ஓயாத வாந்தி வரும். வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்கும். உங்கள் பிள்ளை ‘வாந்தி வாந்தியா வருது, நாள் முழுக்க சுடுதண்ணியிலேயே நிக்கிறேன்’ என்றால், வயிற்று அல்சர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

சித்த வைத்தியத்தின் பெயரால் வேண்டாம்

கஞ்சா நம் மருத்துவத்தில் உண்டா? உண்டு. மறைக்க வேண்டியதில்லை. ஆனால், எந்த இடத்தில் உண்டு? எட்டி, ஊமத்தை, சேங்கொட்டை, நாபி இவற்றோடு சேர்ந்து, நஞ்சுச் சரக்குகளின் வரிசையில்! மருந்துகள் சட்ட விதிகளின் இ-1 அட்டவணையிலும் இதே வரிசைதான். இவை சேர்ந்த மருந்தின் மேல் மருத்துவரின் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். சுத்தி செய்யாமல் நாங்கள் இதைத் தொடுவதில்லை. சுத்தி செய்த பிறகும் தனியாகக் கொடுப்பதில்லை; பல சரக்குகளோடு சேர்த்து, அளவு, அனுபானம், பத்தியம், எத்தனை நாள் என்ற கணக்கோடுதான். பறித்தோம், காயவைத்தோம், பற்றவைத்தோம் என்பதற்குச் சித்த மருத்துவம் என்று பெயரில்லை.

நவீன மருத்துவத்திலும் இதே கதைதான். குழந்தைகளின் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு, இந்தச் செடியிலிருந்து பிரித்த போதையில்லாத சி.பி.டி. சத்தை அமெரிக்க அரசு 2018-ல் மருந்தாக அனுமதித்தது. அதுவும் மில்லிகிராம் கணக்கில். வீட்டுத் தொட்டியில் மில்லிகிராம் விளைவதில்லை.

ஆகவே வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போனில் கத்தாதீர்கள், கத்தினால் மறைப்பான். நிதானமாக நாலு கேள்வி கேளுங்கள்: ‘உங்க மாகாணத்தில் அனுமதி இருக்கா? வீட்டுக்காரருக்குத் தெரியுமா? குழந்தை கைக்கு எட்டாமல் எங்கே பூட்டி வைப்பே? உனக்கு எதற்காக இது வேணும்?’

முதல் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நாலாவது கேள்வியில் அவன் தயங்கினால், செடியை விட்டுவிட்டு அவன் தூக்கத்தையும் மனசையும் பற்றி விசாரியுங்கள். அங்கே ஏதோ வலி இருக்கிறது. அதற்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவசரம்.