தெரியாதவர் அல்ல, தெரிவிக்கப்படாதவர்

தோழர்களே, 'உள்விவரம் தெரிந்தவர்' என்று சொல்லத் தமிழில் எத்தனை வழி இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர், உள்ளாள், அந்தரங்கம் அறிந்தவர், காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிப்பவர். தெரிந்தும் வாய் மூடிக் குற்றத்துக்குத் துணைபோனால் உடந்தை. எதிர்ப்பக்கம் வந்தால் வெளியாள், ஒன்றும் தெரியாதவர், விவரம் இல்லாதவர். காரைக்கால்மேட்டிலும் சுற்றியுள்ள சேரிகளிலும் வேலை செய்யும் நாங்கள் அதிகம் கேட்பது இந்தக் கடைசிச் சொல்லைத்தான். "இந்த சனங்களுக்கு விவரம் பத்தாதுங்க."

இந்த எதிர்ச்சொல்லே தவறு என்பது எங்கள் வாதம். 'தெரியாதவர்' என்றால் குறை அவருடையது. 'தெரிவிக்கப்படாதவர்' என்றால் கேள்வி மாறுகிறது: தெரிவிக்காதது யார், எதற்காக?

மொழியே இதற்குச் சாட்சி. 'மறை' என்றால் வேதம். 'மறை' என்றால் இரகசியமும்தான். யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்று பிறப்பை வைத்து வகுத்த அறிவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அந்த வகுப்புக்குச் சட்டம் எழுதிய மனுஸ்மிருதியைத்தான் அம்பேத்கர் தலைமையில் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் எரித்தார்கள்.

இரகசியத்துக்கு நேர் எதிர்ச்சொல் அம்பலம். அம்பலம் என்றால் பொது மன்றம், அம்பலப்படுத்துவது என்றால் எல்லோர் முன்னும் வைப்பது. ஆனால் தில்லை அம்பலத்தில்தான் திரைக்குப் பின்னால் 'சிதம்பர ரகசியம்' இருக்கிறது. அந்த அம்பலத்துக்குள் போக நந்தனார் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது என்கிறது பெரியபுராணம். பொது என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் ஓரிடம் எல்லோருக்கும் பொதுவாகிவிடாது.

இன்று திரையின் இடத்தில் கோப்பு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கடற்கரையைச் சூறையாடியது. அடுத்து வந்த வாரங்களில் 'யார் பாதிக்கப்பட்டவர்' என்பதை முடிவு செய்தது பட்டியல். படகும் வலையும் இழந்தவர் கணக்கில் வந்தார். வயலில் கூலிக்குப் போனவரும் மீன் சுமந்தவரும் பிழைப்பை இழந்தும் பல இடங்களில் கணக்கில் வரவில்லை. நாகைக் கடற்கரையில் தலித் மக்கள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. பட்டியல் தயாரானது எப்போது, எழுதியது யார், அளவுகோல் என்ன என்பது தெரிந்தவர்கள் உள்ளே இருந்தார்கள். தெரிவிக்கப்படாதவர்கள் வெளியே நின்றார்கள்.

அடுத்த ஆண்டே, 2005 அக்டோபர் 12 அன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மானியத் திட்டங்களில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை யாரும் கேட்காமலேயே அரசு வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4ஆவது பிரிவு. அதாவது பயனாளிப் பட்டியல் இரகசியமே அல்ல. ஆனால் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி, 'தனிநபர் தகவல்' என்ற ஒரே காரணத்தில் மறுக்க வழி செய்திருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) பிரிவு மிச்சம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வன்கொடுமை வழக்குகளில் இது உயிர்ப் பிரச்சினை. 2015 திருத்தத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ பிரிவு சேர்ந்தது. ஜாமீன் விசாரணை உட்பட நீதிமன்ற நடவடிக்கை எதுவானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் சரியான தகவல் போக வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும். ராஜஸ்தான் கொலை வழக்கொன்றில் இறந்தவரின் சகோதரர் ஹரிராம் பாம்பிக்கு அறிவிப்புத் தராமல் ஜாமீன் கொடுத்தார்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்து, அறிவிப்பு கட்டாயம் என்றது. குற்றவாளி வெளியே வந்ததை டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை சட்டத்துக்கே எதிரானது.

அப்படியானால் எல்லா இரகசியமும் கெட்டதா? இல்லை. அதே 15ஏ பிரிவு சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைத்துக் காக்கவும் வழி சொல்கிறது. ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பயந்து வாழும் சாட்சிக்கு மறைவு பாதுகாப்பு. அதிகாரம் உள்ளவர் கையில் அதே மறைவு ஆயுதம். எதை மறைப்பது, எதைத் திறப்பது என்று குழம்பினால் ஒன்றைக் கேளுங்கள்: இது தெரிந்தால் அடி விழுவது யாருக்கு, தெரியாவிட்டால் அடி விழுவது யாருக்கு?

காரைக்கால் சுற்றிலும் தமிழ்நாடு, நிர்வாகமோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில். பக்கத்து ஊர்த் திட்டம் நமக்கு இல்லை, நம் கோப்பு நம் ஊரில் இல்லை. இந்தத் தூரத்தில்தான் 'உள்விவரம் தெரிந்தவர்' இடைத்தரகராகப் பிழைக்கிறார்.

எனவே மாணவத் தோழர்களே, வாயால் கேட்டு நிற்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள், 30 நாளை எண்ணுங்கள். உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். எழுதத் தெரியாத அம்மாவுக்காக எழுதும்போது பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் அவருக்கு இன்னொரு 'விஷயம் தெரிந்தவர்' கிடைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஜெய்பீம்.